கெரட்டோகோனஸ்: நிறுத்துகிற வைத்தியம் வேறு, பார்க்க வைக்கிற வைத்தியம் வேறு

எனக்குக் கெரட்டோகோனஸ், அதாவது கண்ணின் முன்பக்கத்துக் கருவிழி (கார்னியா) மெலிந்து கூம்பாகப் பிதுங்குகிற நோய், இருப்பது சொந்தபந்தத்தில் எல்லோருக்கும் தெரியும். அதனால் யார் வீட்டுப் பிள்ளைக்காவது டாக்டர் இந்தப் பெயரைச் சொன்னால் அன்று சாயங்காலத்துக்குள் எனக்குப் போன் வந்துவிடும். போன மாதம் பெரியம்மா மகள் கூப்பிட்டாள். அவள் மகனுக்குப் பதினைந்து வயது. "தம்பி, மஞ்சள் மருந்து ஊத்தி லைட் அடிக்கிறாங்களாமே, அதைப் பண்ணிட்டா கண்ணாடியைக் கழட்டிரலாம்ல?" என்று கேட்டாள்.

கழற்ற முடியாது. இந்த நோயில் செய்கிற வைத்தியங்கள் இரண்டு வகை. ஒன்று, நோய் மேலே போகாமல் நிறுத்துவது. இன்னொன்று, கெட்டுப்போன பார்வையைத் திருப்பிக் கொடுப்பது. முதலாவது பார்வையைத் தராது, இரண்டாவது நோயை நிறுத்தாது. ஆஸ்பத்திரியில் இதைச் சொல்லத்தான் செய்கிறார்கள், ஆனால் பயத்தில் உட்கார்ந்திருக்கிறவர்கள் காதில் 'சிகிச்சை' என்ற ஒரு சொல் மட்டும்தான் விழுகிறது. அக்காவுக்கு அரை மணி நேரம் போனில் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதி வைக்கிறேன். நான் டாக்டர் இல்லை, ஒன்பது வருடமாக இதோடு குடித்தனம் நடத்துகிறவன். உங்கள் கண்ணுக்கு என்ன செய்வது என்பதை உங்கள் கண்ணைப் பார்த்த டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

எனக்கு ஊர் சிவகாசி. வெடி இல்லை, அச்சு. ஆஃப்செட் பிரஸ்ஸில் காலண்டர், லேபிள், நோட்டு அட்டை என்று வருவதையெல்லாம் கலர் பார்த்து ஓகே சொல்கிற வேலை. சயான், மெஜந்தா, மஞ்சள், கருப்பு என்று நான்கு பிளேட்டும் ஒன்றின்மேல் ஒன்று சரியாக உட்கார வேண்டும். ஒரு பிளேட் மயிரிழை விலகினாலும் எழுத்துக்குப் பக்கத்தில் ஒரு நிழல் எழுத்து தெரியும். ரிஜிஸ்டர் விலகிவிட்டது என்போம். கெரட்டோகோனஸ் பார்வை எப்படி இருக்கும் என்று கேட்கிறவர்களுக்கு நான் காட்டுவது அப்படி விலகின ஒரு வேஸ்ட் ஷீட்டைத்தான். மங்கல் என்று சொன்னால் பனி படர்ந்த மாதிரி என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. எழுத்து தெரியும், அதன் கீழே அதே எழுத்து வெளிறிப்போய் இன்னொரு தடவையும் தெரியும். இரவில் பைபாஸில் ஒவ்வொரு விளக்குக்கும் கீழே ஒரு வால் தொங்கும். எதிரே வருகிற வண்டியின் ஹெட்லைட் பூவாணமாக விரியும்.

முக்கியமான அடையாளம் ஒன்று உண்டு. ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தாலும் இரட்டை போகாது. இரண்டு கண்ணும் ஒத்துழைக்காமல் வருகிற இரட்டைப் பார்வை, ஒரு கண்ணை மூடியதும் ஒன்றாகிவிடும். ஒற்றைக் கண்ணிலேயே இரண்டு, மூன்று உருவம் தெரிந்தால், வெளிச்சம் உள்ளே நுழைகிற இடத்திலேயே கோளாறு என்று அர்த்தம். கண்புரையாலும் சில சமயம் இப்படி வரும். இருபது வயதுக்காரனுக்கு என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கருவிழியைத்தான்.

எனக்கு இது பிடிபடுவதற்கு முன்னால் ஊரில் ஒரு கண்ணாடிக் கடையில் திரும்பத் திரும்ப பவர் மாற்றிக் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். ஒவ்வொரு முறையும் கோணலைத் திருத்துகிற சிலிண்டர் பவர் கூடும், அந்தக் கோணலின் திசையான ஆக்சிஸ் மாறும், புதுக் கண்ணாடி போட்டும் எழுத்து நேராக நிற்காது. "கம்ப்யூட்டர் பாக்குற வேலை தம்பி, அப்படித்தான் இருக்கும்" என்பார் கடைக்காரர். இப்படிச் சிலிண்டர் மட்டும் வேகமாக ஏறி, கண்ணாடி போட்டும் கடைசி வரிகள் தெரியவில்லை என்றால், அது கண்ணாடிக் கடையில் தீர்கிற விஷயம் இல்லை. கருவிழி டோபோகிராஃபி, அதாவது கருவிழியின் வளைவைப் படமாக்குகிற ஸ்கேன், எடுக்கச் சொல்லுங்கள். இந்தப் பதிவில் ஒரு வரிதான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இந்த வரியைப் படித்துவிட்டுப் போங்கள்.

மதுரையில் கண் ஆஸ்பத்திரியில் முதலில் என்னைப் பார்த்தது ஒரு சின்னப் பெண், ஆப்டோமெட்ரிஸ்ட். இருட்டறையில் கையில் ஒரு விளக்குக் கருவியை வைத்துக்கொண்டு என் கண்ணுக்குள் வெளிச்சக் கோட்டை இப்படியும் அப்படியும் ஆட்டினார். சாதாரணக் கண்ணில் அந்தக் கோடு ஒன்றாக நகருமாம். என் கண்ணில் இரண்டாகப் பிரிந்து, விரிந்து, மூடியது. கத்தரி அசைவு என்றே இதற்குப் பெயர். அந்தப் பெண் கருவியைக் கீழே வைத்துவிட்டு, "சார், கொஞ்சம் உக்காருங்க, மேடத்தைக் கூட்டிட்டு வரேன்" என்றார். எந்த ஸ்கேனும் எடுக்காமல், ஒரு விளக்கையும் கையையும் வைத்தே சந்தேகப்பட்டுவிட்டார். எனக்கு அவர்மேல் இன்றைக்கும் மரியாதை.

அப்புறம் பென்டாகாம் என்கிற ஸ்கேன் மிஷின். தாடையை வைத்து, நெற்றியை ஒட்டி, உள்ளே தெரிகிற புள்ளியை இமைக்காமல் பார்க்க வேண்டும். இரண்டு விநாடிதான். கேமரா சுழன்று கருவிழியின் முன்பக்கம், பின்பக்கம், தடிமன் மூன்றையும் அளந்துவிடும். வருகிற படம் கலர் மேப். தட்டையான இடம் நீலம், நடுத்தரம் பச்சை, செங்குத்தாகப் போகப்போக மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு. என் வலது கண் படத்தில் நடுவுக்குக் கொஞ்சம் கீழே தக்காளிச் சிவப்பில் ஒரு திட்டு. (அந்தப் பிரிண்டரில் மெஜந்தா தீர்ந்துகொண்டிருந்தது, குறுக்கே பட்டை பட்டையாக விழுந்திருந்தது. தொழில் புத்தி, அதுதான் முதலில் கண்ணில் பட்டது.)

விஷயம் இதுதான். கண்ணின் முன்னால் இருக்கிற கருவிழி, அதாவது கார்னியா, கண்ணாடி போலத் தெளிவாக இருந்தாலும், அடுக்கடுக்கான கொலாஜன் நார்களால் ஆனது. நடுவில் அதன் தடிமன் சாதாரணமாக 540 மைக்ரான் அளவில், அதாவது அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். வளைவு 43, 44 டயாப்டர் வாக்கில் இருக்கும், எண் கூடினால் செங்குத்து கூடுதல். கெரட்டோகோனஸில் அந்த நார்களின் பிடிப்பு தளர்கிறது. உள்ளே இருக்கிற கண் அழுத்தம் எப்போதும் போலத்தான் இருக்கும், தாங்குகிற சுவர்தான் இளைத்துவிடும். இளைத்த இடம் முன்னால் பிதுங்கிக் கூம்பாகும், பிதுங்கப் பிதுங்க இன்னும் மெலியும். எனக்கு வலது கண்ணில் மிகச் செங்குத்தான இடம் 57 டயாப்டர், மிக மெல்லிய இடம் 441 மைக்ரான். இடது கண் கொஞ்சம் தேவலை, 468. பெரும்பாலும் இரண்டு கண்ணிலும் வரும், ஆனால் சமமாக வராது. ஒரு கண் முந்திக்கொள்ளும். இன்னொரு கண் சமாளித்துக்கொண்டே இருப்பதால் பல பேருக்கு வெகுநாள் தெரிவதே இல்லை.

வயதுக்கு வருகிற பருவத்தில் தொடங்கி, முப்பது, நாற்பதுக்குள் தானாகவே வேகம் குறைந்துவிடும் என்பது பொதுக்கணக்கு. சின்ன வயதில் வந்தால் வேகமாக ஓடும். நம் நாட்டில் இது அபூர்வம் இல்லை. நாக்பூர் பக்கத்துக் கிராமங்களில் முப்பது வயது தாண்டியவர்களிடம் நடத்தி 2009-ல் வெளியான ஆய்வில் 2.3 சதவீதம் பேருக்கு இருப்பதாகக் கண்டார்கள். அதில் வைத்த அளவுகோல் தளர்வு, எண் கூடித் தெரிகிறது என்று சொல்கிறவர்களும் உண்டு. எப்படியானாலும், இங்கிலாந்திலேயே வெள்ளைக்காரர்களைவிடத் தெற்காசியக் குடும்பங்களில்தான் இது பல மடங்கு அதிகம், வருகிற வயதும் குறைவு என்று பார்த்திருக்கிறார்கள். உறவுக்குள் கல்யாணம் செய்த பெற்றோரின் பிள்ளைகளுக்கு வாய்ப்புக் கூடுதல் என்றும் ஆய்வுகள் இருக்கின்றன. என் அம்மா அப்பாவுக்கு அத்தை மகள். எங்கள் பக்கம் இதைச் சொன்னால், "அப்போ ஊருக்கே வரணுமே" என்று சிரிப்பார்கள். வாய்ப்புக் கூடுதல் என்பதற்கு எல்லோருக்கும் வரும் என்று அர்த்தம் இல்லையே.

நம் கையில் இருக்கிற காரணம் ஒன்றே ஒன்று, கண்ணைக் கசக்குவது. டாக்டர் முதல் நாளே கேட்டார், "கண்ணைக் கசக்குவீங்களா?" நான் வாயைத் திறக்கும் முன்னால் அம்மா, "கசக்காத நேரம் எது மேடம்?" என்றார். ஆஃப்செட்டில் மை அடுத்த தாளில் ஒட்டாமல் இருக்க ஒரு பவுடர் தெளிப்பார்கள். அது காற்றில் பறந்துகொண்டே இருக்கும். எனக்குச் சின்ன வயதிலிருந்தே கண் அலர்ஜி வேறு. விரல் முட்டியை மடக்கிக் கண்ணுக்குள் வைத்து அரைக்கிற அரை இருக்கிறதே, அரிப்புக்கு அதைவிடச் சுகம் எதுவும் கிடையாது, கருவிழிக்கு அதைவிடக் கெடுதலும் கிடையாது. "என்ன வைத்தியம் பண்ணினாலும் கசக்கினா எல்லாம் வீண்" என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டு, அலர்ஜிக்குச் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். அரித்தால் குளிர்ந்த துணியை மூடிய இமைமேல் வைக்க வேண்டும். கண் தலையணையில் அழுந்தக் குப்புறப் படுப்பதையும் விடச் சொன்னார். நிறுத்துகிற வைத்தியத்தில் பாதி இதுதான், காசு செலவில்லாத பாதி.

மீதிப் பாதி கொலாஜன் கிராஸ்லிங்கிங். ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரத்து டாக்டர்கள் உருவாக்கியது. தியோ சைலர் குழுவினர் நோயாளிகளுக்குச் செய்து பார்த்த முடிவை 2003-ல் வெளியிட்டார்கள். அமெரிக்காவில் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவின் அனுமதி கிடைத்தது 2016-ல்தான். அதற்குப் பல வருடம் முன்னாலிருந்தே இந்தியாவில் செய்கிறார்கள். ரைபோஃபிளேவின், அதாவது பி2 வைட்டமின், மஞ்சள் சொட்டாகக் கருவிழிக்குள் ஊறவேண்டும். அதன்மேல் புற ஊதா ஒளியைக் காட்டினால் நார்களுக்கு இடையில் புதுப் பிணைப்புகள் உண்டாகிச் சுவர் விறைப்பாகும். மூல முறையில் அரை மணி ஊறல், அரை மணி ஒளி. இப்போது ஒளியின் பலத்தைக் கூட்டிப் பத்து நிமிடத்திலும் முடிக்கிறார்கள்.

எனக்கு அந்த நாள் எப்படிப் போனது என்று சொல்கிறேன், ஏனென்றால் கேட்கிறவர்கள் எல்லோரும் பயப்படுவது இங்கேதான். மரத்துப்போகச் சொட்டு விட்டார்கள். இமை மூடாமல் இருக்க ஒரு கம்பிக் கிளிப். மழுங்கின கருவியால் மேல்தோலை வழித்து எடுத்தார் டாக்டர். வலி இல்லை, கண்ணுக்கு முன்னால் ஏதோ கலங்கின நிழல் வட்டமாகப் போய் வருவது மட்டும் தெரிந்தது. மேல்தோலை எடுத்தால்தான் மருந்து நன்றாக உள்ளே இறங்கும். எடுக்காமல் செய்கிற முறையும் இருக்கிறது, வலி குறைவு, ஆனால் என் டாக்டருக்கு அதன்மேல் அவ்வளவு நம்பிக்கை இல்லை. அப்புறம் மஞ்சள் சொட்டு, சில நிமிடத்துக்கு ஒருதரம். கொஞ்ச நேரத்தில் அறையே மஞ்சள். கடியாரச் சத்தமும் நர்ஸ் சொட்டு விடுகிற விரலும்தான் உலகம்.

நடுவில் தடிமனை அளந்தார்கள். மேல்தோல் போனபின் 400 மைக்ரானாவது மிச்சம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒளி கருவிழியைத் தாண்டி உள்ளடுக்குச் செல்களைச் சுட்டுவிடும். அந்தச் செல்கள் போனால் திரும்ப வளராது. என் வலது கண் 400-க்குக் கீழே வந்தது. "தண்ணி மாதிரி மருந்தைப் போடுங்க" என்றார் டாக்டர். உப்புச் செறிவு குறைந்த ரைபோஃபிளேவின் விட்டால் கருவிழி தண்ணீரை இழுத்துத் தற்காலிகமாக உப்பிவிடும். மறுபடி அளந்து, எண் தாண்டியதும் விளக்கைக் கொண்டு வந்தார்கள். நீலமும் ஊதாவும் கலந்த ஒளி. சென்னை டாக்டர் சூசன் ஜேக்கப் இதற்கே வேறு வழி ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறார். மருந்தில் ஊறின சாஃப்ட் லென்ஸை மெல்லிய கருவிழியின்மேல் வைத்து, தடிமனைக் கூட்டிவிட்டு ஒளியைக் காட்டுவது. 2014-ல் வெளியிட்டார். என்னை மாதிரி மெல்லிசாகிவிட்டவர்களுக்கு, "உங்களுக்குச் செய்ய முடியாது" என்று ஒரே இடத்தில் சொல்லிவிட்டால் அதோடு முடிந்தது என்று இல்லை.

வலி அன்று ராத்திரிதான். மரப்பு தெளிந்ததும் கண்ணில் மண்ணை அள்ளிப் போட்ட மாதிரி. தண்ணீர் கொட்டிக்கொண்டே இருக்கும். செல்போன் வெளிச்சம்கூட ஆகாது. மேலே ஒரு பேண்டேஜ் லென்ஸ் போட்டுத்தான் அனுப்புவார்கள், மாத்திரையும் தருவார்கள். மூன்றாம் நாள் வாக்கில் அடங்கிவிடும், தோல் மூடியதும் அந்த லென்ஸை எடுத்துவிடுவார்கள். அதற்கப்புறம் வாரக்கணக்கில் சொட்டு மருந்து. பார்வை முன்னைவிட மோசமாகத்தான் முதலில் இருக்கும், கருவிழியில் லேசான புகை படர்ந்திருக்கும். இதை முன்கூட்டியே சொல்லாமல் விட்டால் ஜனங்கள் ஆபரேஷன் கெட்டுப்போய்விட்டது என்று அழுகிறார்கள். சில மாதத்தில் தெளியும். அபூர்வமாகக் கிருமித் தொற்று, தழும்பு வரலாம். சிலருக்கு நிற்காமல் மறுபடி செய்ய வேண்டியும் வரலாம்.

கிடைத்தது என்ன? 57 என்பது 56-ஐ ஒட்டி வந்தது, அங்கேயே நிற்கிறது. சராசரியாகவே ஒன்றிரண்டு டயாப்டர்தான் இறங்கும். ரிஜிஸ்டர் விலகினது விலகினதுதான். இனி விலகாது, அவ்வளவே. அக்கா மகனுக்கும் இதைத்தான் சொன்னேன். சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும் டாக்டர்கள் பெரியவர்களுக்குச் சொல்கிற மாதிரி "ஆறு மாதம் கழித்து வாங்க, மாறியிருக்கிறதா பார்க்கலாம்" என்று பெரும்பாலும் காத்திருப்பதில்லை. அந்த ஆறு மாதத்தில் இழந்ததைத் திரும்ப வாங்க முடியாது. பரீட்சை முடியட்டும் என்று அக்கா இழுத்தாள். பரீட்சை மறுபடி வரும் என்றேன்.

இனிப் பார்க்க வைக்கிற கதை. ஆரம்ப நிலையில் கண்ணாடியே போதும். என் இடது கண்ணுக்கு வெகுநாள் அதுவே போதுமானதாக இருந்தது. கூம்பு கூடினால் கண்ணாடியால் ஒன்றும் ஆகாது. கண்ணாடி ஒழுங்கான வளைவுப் பிழையைத்தான் திருத்தும். மேடு பள்ளமாகக் கோணிப்போன பரப்பை அது எப்படித் திருத்தும்? அப்போது தேவை கெட்டியான கான்டாக்ட் லென்ஸ். கருவிழிக்கும் லென்ஸுக்கும் நடுவே கண்ணீர் நிரம்பிக் கோணலை மறைத்துவிடும். வெளிச்சம் லென்ஸின் வழவழப்பான முகத்தை மட்டுமே பார்க்கும். எனக்கு முதலில் தந்தது ஆர்ஜிபி என்கிற சின்ன லென்ஸ், கருவிழியின்மேலேயே உட்காருவது. கெரட்டோகோனஸுக்கென்றே நியூசிலாந்தின் பால் ரோஸ் வடிவமைத்த ரோஸ் கே வகையைப் பலர் சுகமாகப் போட்டுக்கொள்கிறார்கள். விலையும் குறைவு. எனக்குத்தான் பிரஸ்ஸில் கட்டுப்படியாகவில்லை. அந்தப் பவுடரில் ஒரு துகள் லென்ஸுக்கு அடியில் போனால் மிஷினை நிறுத்தச் சொல்லிவிட்டு வாஷ்பேசினுக்கு ஓட வேண்டும்.

ஸ்கிலீரல் லென்ஸ் என் பிழைப்பைக் காப்பாற்றியது. பெரியது, என்னுடையது 16.5 மில்லிமீட்டர். கருவிழியைத் தொடவே தொடாது. வெள்ளை விழியில் விளிம்பை ஊன்றிக்கொண்டு, கருவிழிக்கு மேலே கூடாரமாக நிற்கும். நடுவில் சலைன் என்கிற உப்புநீர்க் குளம். தூசி உள்ளே போக வழி குறைவு. வேடிக்கை என்னவென்றால், உலகத்தின் முதல் கான்டாக்ட் லென்ஸே இந்த வகைதான். 1888-ல் சுவிட்சர்லாந்தில் அடால்ஃப் ஃபிக் ஊதிய கண்ணாடியில் செய்தார். அதே வாக்கில் பாரிஸில் யூஜீன் கால்ட் கெரட்டோகோனஸ் நோயாளிகளுக்கே போட்டுப் பார்த்தார். கண்ணாடிக் கிண்ணத்துக்குள் காற்று போகாமல் கண் திணறியது. ஆக்சிஜனை விடுகிற பிளாஸ்டிக் வந்தபிறகுதான் பழைய யோசனை திரும்ப எழுந்து வந்தது.

போடுவது ஒரு கலை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, பஞ்சு ஒட்டாத துணியில் துடைத்து, சின்ன ரப்பர் ஸ்டாண்டில் லென்ஸை மல்லாக்க வைத்து, விளிம்பு ததும்பச் சலைன் ஊற்ற வேண்டும். கெடாமல் இருக்கச் சேர்க்கிற ரசாயனம் (பிரிசர்வேட்டிவ்) இல்லாத சலைனாக இருக்க வேண்டும். குழாய்த் தண்ணீர் படவே கூடாது. அதில் அமீபா இருந்தால் கருவிழியை அரித்துவிடும். பிறகு முகம் தரைக்கு இணையாக வருகிற மாதிரிக் குனிந்து, இரண்டு இமையையும் அகல விரித்து, லென்ஸைக் கண்ணை நோக்கிக் கொண்டுவர வேண்டும். சொல்லிக் கொடுத்த பெண், "சார், பயந்து பின்னால போகாதீங்க, நடு ஓட்டையையே பாருங்க" என்று கத்தாத குறை. ஜில்லென்று சலைன் தொட்டதும் இமை தன்னால் மூடப் பார்க்கும். அதற்குள் ஊன்றி அழுத்திவிட வேண்டும். ஒரு சின்னக் குமிழி மாட்டினாலும் பார்வையில் ஒரு வட்டம் மிதக்கும், எடுத்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். கழற்றும்போது உறிஞ்சி ரப்பரை நடுவில் வைத்து இழுக்கக் கூடாது. விளிம்புப் பக்கம் வைத்துச் சரித்தால் காற்று நுழைந்து சொய்ங் என்று வந்துவிடும். மத்தியானம் மூன்று மணிக்குமேல் சில நாள் உள்ளே இருக்கிற சலைன் கலங்கிப் புகை மூட்டமாகும். கழற்றி, புதுச் சலைன் ஊற்றிப் போட்டால் தெளிந்துவிடும். போட்டுக்கொண்டு தூங்கக் கூடாது.

லென்ஸ் வந்த மறுநாள் பிரஸ்ஸில் ஒரு சாமி காலண்டர் ஓடிக்கொண்டிருந்தது. லூப் என்கிற உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். முருகன் கன்னத்தில் மெஜந்தா புள்ளியும் மஞ்சள் புள்ளியும் தனித்தனியாக, ஓரம் வெட்டின மாதிரி நின்றன. மிஷின்மேன் அண்ணாச்சி, "என்னப்பா, ஷீட்டை விடமாட்டேங்கற, தப்பா எதும் இருக்கா?" என்றார். சயான் அரை மயிர் மேலே போகுது என்றேன். நிஜமாகவே போயிருந்தது. அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் ஸ்டீஃபன் கரிக்கும் இதே நோய்தான், கான்டாக்ட் லென்ஸ் போட்டபிறகு உலகமே புதிதாகத் தெரிகிறது என்று 2019-ல் வெளியே சொன்னார். செய்தியைப் படித்ததும் நான் கட்சி சேர்ந்துகொண்டேன்.

லென்ஸ் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு, கருவிழியின் வடிவத்தையே கொஞ்சம் தட்டையாக்குகிற முறைகள் இருக்கின்றன. கருவிழிக்குள் சுரங்கம் போட்டு அரைவட்டப் பிளாஸ்டிக் வளையத்தைச் செருகுவது ஒன்று, இன்டாக்ஸ் என்பார்கள். முன்னே சொன்ன சூசன் ஜேக்கப், பிளாஸ்டிக்குக்குப் பதிலாகத் தானம் வந்த கருவிழியிலிருந்தே வளையம் வெட்டிச் செருகுகிற முறையைக் கொண்டுவந்தார். கெய்ர்ஸ் என்று பெயர். இப்போது மற்ற நாடுகளிலும் செய்கிறார்கள். வளையம் போட்டாலும் கண்ணாடியோ லென்ஸோ தேவைப்படலாம், கோணல் குறைவதால் பொருத்துவது சுலபமாகும். கல்யாணத்துக்கு முன்னால் கண்ணாடியைத் தூக்கிப்போட என்று லாசிக் கேட்டுப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது: லாசிக் கருவிழியைச் செதுக்கி மெலிய வைக்கிற வேலை. ஏற்கெனவே மெலிகிற கண்ணுக்கு அது ஆகவே ஆகாது. அதனால்தான் லாசிக்குக்கு முன்னால் டோபோகிராஃபி கட்டாயம். அந்தப் பரிசோதனையில்தான் தங்களுக்கு இது இருப்பதே பலருக்குத் தெரிய வருகிறது.

கடைசிப் படி, கருவிழி மாற்று. லென்ஸும் நிற்காமல், நடுவில் தழும்பும் விழுந்துவிட்டால் வேறு வழியில்லை. சிலருக்குக் கூம்பின் உள்படலம் திடீரென்று கிழிந்து கண்ணுக்குள் இருக்கிற நீர் கருவிழிக்குள் புகுந்துவிடும். காலையில் எழுந்தால் கண்ணில் வெள்ளையாக ஒரு திட்டு. ஹைட்ராப்ஸ் என்பது அதுதான். பார்க்கப் பயமாக இருக்கும், பெரும்பாலும் சில மாதத்தில் வற்றிவிடும், தழும்பு மிஞ்சும். மாற்று என்றாலே முழுக் கருவிழியையும் எடுப்பது என்று இருந்த காலம் போய், உள்ளடுக்கு நன்றாக இருந்தால் அதை விட்டுவிட்டு மேலடுக்குகளை மட்டும் மாற்றுகிற டால்க் முறை வந்துவிட்டது. உடல் நிராகரிக்கிற ஆபத்து இதில் குறைவு. தையல் எல்லாம் பிரித்து முடிய ஒரு வருடம்கூட ஆகும், அதற்குப் பிறகும் கண்ணாடியோ லென்ஸோ போட வேண்டியிருக்கும்.

இதற்கெல்லாம் ஆதாரம் யாரோ ஒரு குடும்பம் துக்க வீட்டில் எடுக்கிற முடிவு. இந்தியாவின் முதல் கண் வங்கி 1945-ல் எழும்பூர் அரசு கண் ஆஸ்பத்திரியில் தொடங்கியது. இறந்து ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். வயது தடையில்லை. கண்ணாடி போட்டவர், சர்க்கரை உள்ளவர், கண்புரை ஆபரேஷன் செய்தவர் யாரும் கொடுக்கலாம். ஆள் வரும்வரை இமையை மூடி, ஈரப் பஞ்சு வைத்து, ஃபேனை நிறுத்தி வைத்தால் போதும். கெரட்டோகோனஸ் உள்ள நான் கொடுத்தால் அந்தக் கருவிழி மாற்றுக்கு ஆகாது, ஆராய்ச்சிக்கும் பயிற்சிக்கும் ஆகும் என்றார்கள். எழுதிக் கொடுத்துவிட்டேன்.

மற்றபடி சில்லறை விஷயங்கள். முழுக் குருடாகிவிடுமா என்று கேட்கிறார்கள். கண்ணின் நரம்பும் விழித்திரையும் இதில் கெடுவதில்லை, அதனால் அப்படி ஆகாது. டோபோகிராஃபி படங்களைத் தூக்கிப் போடாதீர்கள், முடிந்தவரை ஒரே மாதிரி மிஷினில் எடுங்கள். மிஷின் மாறினால் எண் மாறும், நோய் ஓடுகிறதா நிற்கிறதா என்று சொல்ல முடியாமல் போகும். லென்ஸ் போடுகிறவர்கள் படம் எடுப்பதற்குச் சில நாள் முன்பே லென்ஸைக் கழற்றி வைக்க வேண்டும், எத்தனை நாள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். இன்ஷூரன்ஸில் எனக்குக் கிராஸ்லிங்கிங்குக்குப் பணம் வந்தது, லென்ஸுக்கு வரவில்லை. கண்ணாடி மாதிரிதானே என்றுவிட்டார்கள். லென்ஸ் சில வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய செலவு, அதற்குத் தனியாகச் சீட்டுப் போட்டு வைத்திருக்கிறேன்.

கூடப்பிறந்தவர்களையும் பிள்ளைகளையும் பரிசோதிக்க வேண்டும். என் தம்பிக்கு எடுத்துப் பார்த்தோம். படம் முழுக்க ஒரே சீரான பச்சை, வருடம் ஒருமுறை வந்தால் போதும் என்றார்கள். மகளுக்கு இப்போது மூன்று வயது. பத்து வயதை ஒட்டி ஒருதரம் கூட்டி வாருங்கள், அதற்குள் கண்ணைக் கசக்க ஆரம்பித்தால் உடனே வாருங்கள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பிரஸ்ஸிலிருந்து வந்து குளிக்காமல் அவளைத் தூக்கக் கூடாது என்பது என் மனைவி போட்ட சட்டம். அந்தப் பவுடர் அவள் கண்ணுக்குப் போகக் கூடாதாம்.